கயிறு கொடுத்து அனுப்புவதில்லை

நவம்பர் 6, புதன்

தீவனக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கும் டைரியில் மாடு, பல், கன்று ஈன்ற ஈத்துக் கணக்கு, வாங்கியவர் பெயர் தவிர வேறெதையும் நான் எழுதியதில்லை. நாளை மறுநாள் வெளியூர் கிளம்புகிறேன். திரும்பும்வரை எழுத மாடு இருக்காது. பக்கத்தைச் சும்மா விட மனசில்லை. அதனால் கண்டதை எழுதுவதாக இருக்கிறேன்.

இன்றைய மணப்பாறைச் சந்தையில் வையம்பட்டிப் பக்கத்துப் பெரியக்காள் என்கிறவளின் செவலைப் பசுவைத் துவரங்குறிச்சிக்காரர் ஒருவருக்குத் தரகு பேசி முடித்துக் கொடுத்தேன். நாலு பல் போட்ட இளசு, சினை, ரோமச் சுழி சுத்தம். என் பச்சைத் துண்டை இரண்டு பேர் கைமேலும் போட்டு மூடி, விரலைப் பிடித்தே விலை பேசி முடித்தாயிற்று. சுற்றி நிற்பவனுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காக எங்கள் தொழிலில் அப்படித்தான். பேசி முடித்ததும் பெரியக்காள் மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். வாங்கியவர் தான் கொண்டுவந்த புதுக்கயிற்றைப் போட்டார். மாட்டை விற்போம், கயிற்றை விற்க மாட்டோம். கயிறு போனால் கட்டுத்தறி ராசியும் பின்னாலேயே போய்விடும்.

போகிற ஊர் ஐஸ்வால். மிசோரம். என் மனைவி கோகிலவாணி அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களுக்குப் பிள்ளையில்லை. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று மத்திய அரசுப் பரீட்சை எழுதினாள், தேறினாள், அவ்வளவு தூரத்தில் தூக்கிப் போட்டார்கள். இரண்டு வருஷம் ஆகிறது. லீவுக்கு அவள்தான் வருவாள். நான் போனதில்லை. புதன்கிழமையை விட்டுவிட்டு எங்கே போவது?

இப்போது போவதற்குக் காரணம் இருக்கிறது. வேலையை நிரந்தரம் பண்ணுகிறார்களாம். வருகிற 29ஆம் தேதிக்குள் இருக்கிறேன் அல்லது விலகுகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று கூட இருக்கும் என் அக்காள் அழகம்மாளிடம் சொல்லியிருக்கிறேன். சந்தையில் என் கூட்டாளி பீர்முகமதுவிடமும் சொல்லியிருக்கிறேன். பீர் மட்டும், "அத வாணிப் புள்ளகிட்டச் சொல்லிட்டியா மாப்ள?" என்று கேட்டான். கிண்டல்காரன்.

நவம்பர் 7, வியாழன்

மூட்டை கட்டினேன். அவள் தலையணை, அவள் குடிக்கும் எவர்சில்வர் டம்ளர், வெங்காய வடகம், நம் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில்.

அக்காள் சிரித்தாள். "தண்ணிய யாராச்சும் ஊர் ஊரா தூக்கிட்டுப் போவாங்களா?"

புதுக் கட்டுத்தறிக்குப் போன மாடு ஏங்கித் தீவனம் எடுக்காவிட்டால், பழைய இடத்து வைக்கோலையும் தண்ணீரையும் கொண்டுபோய்க் கலந்து வைக்க வேண்டும். நான் எத்தனை மாட்டுக்குச் செய்திருக்கிறேன். இதை வாணி படித்தால் என்னைத் தொலைத்துவிடுவாள்.

நவம்பர் 9, சனி

ஏரோப்ளேனில் முதல் தடவை. சென்னையில் சோதனை செய்கிறவன் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டான். "இது எங்க கெணத்துத் தண்ணி சார், எம் பொண்டாட்டிக்கு" என்றேன். "இங்கயே குடிச்சுட்டுப் போங்க" என்றான். கீழே ஊற்ற மனசு வரவில்லை. அவ்வளவையும் நானே குடித்தேன்.

கல்கத்தாவில் இரவு தங்கிக் காலையில் சின்ன விமானம். அது இறங்குகிற இடம் ஒரு மலையின் தலை. இறங்கினதும் பெயர், அப்பன் பெயர் எல்லாம் கேட்டு அனுமதிச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வெளியாள் சும்மா உள்ளே போக முடியாது. இத்தனை நாள் என்று கணக்கு. நம் நாட்டுக்குள் இப்படி ஓர் ஊர் இருப்பதே எனக்குத் தெரியாது.

வாணி வெளியே நின்றிருந்தாள். மெலிந்திருப்பாள் என்று எண்ணிப் போனேன். இல்லை. கன்னம் நிறைந்து, கண்ணில் தெளிவு. முடியை வெட்டித் தோளோடு விட்டிருக்கிறாள். தொலைபேசியில் இதையெல்லாம் சொல்லவில்லை.

"என்னங்க அப்படி பாக்குறீங்க, பல்லப் புடிச்சுப் பாக்குற மாதிரி?"

"ஒண்ணுமில்ல."

ஊரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மலையின் முதுகு முழுக்க வீடு. ஒரு வீட்டின் கூரையும் அடுத்த வீட்டின் வாசலும் ஒரே மட்டம். வாணி குடியிருக்கும் வீட்டுக்குத் தெருவிலிருந்து நேராக நுழைந்தால் அது மூன்றாவது மாடி. அடுப்படிக்குப் படி இறங்க வேண்டும், படுக்கைக்கு இன்னும் இறங்க வேண்டும். வாசல் உச்சியில், வீடு பாதாளத்தில். பின்பக்கச் சன்னலைத் திறந்தால் கீழே ஆகாயம்.

நவம்பர் 10, ஞாயிறு

காலையில் எழுந்து சன்னலைத் திறந்தேன். ஊரைக் காணோம். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம், தயிர் உறைந்த மாதிரி, அசையாமல். அதற்கு மேலே நாங்கள். மழை பெய்யும் மேகத்தை அண்ணாந்தே பார்த்து வளர்ந்தவன் நான். குனிந்து பார்த்தது இன்றைக்குத்தான். வாணி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். டீயில் பால் இல்லை. கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு கடை கிடையாது. தெருவே கழுவி வைத்தாற்போல் இருந்தது. பிறகு ஒரு மலையிலிருந்து பாட்டு கிளம்பியது, அடுத்த மலையிலிருந்து இன்னொன்று. சர்ச்சுகளில் பாடுகிறார்கள். ஒலிபெருக்கி இல்லை. வெறும் தொண்டை, நூற்றுக்கணக்கில். எனக்குச் சாமி, பூசை எதிலும் பெரிய பிடிப்பு கிடையாது. ஆனாலும் எழுந்து நின்றுதான் கேட்டேன்.

மத்தியானம் தலையணையை எடுத்துக் கொடுத்தேன். சிரித்தாள், மோந்து பார்த்தாள், அலமாரிமேல் வைத்தாள். வடகத்தைப் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பாதி கொடுத்துவிட்டாள்.

நவம்பர் 11, திங்கள்

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். குறைமாதக் குழந்தைகளின் பிரிவு. என்னைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினார்கள்.

நான் ஒரு மாட்டைத் தூரத்திலிருந்து பார்த்தே எடை சொல்வேன். அதில் என்னை மிஞ்ச நாலு ஜில்லாவில் ஆள் கிடையாது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் உயிர் கிடந்தது. அதன் கை என் மோதிரத்துக்குள் போகும். அதற்கு எடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாணி கையைக் கழுவிவிட்டுப் பெட்டியின் ஓட்டைக்குள் விட்டு, ஒரு விரலால் அதன் முதுகைத் தொட்டாள். மூச்சை மறந்திருந்த குழந்தை மூச்சு விட்டது. பெட்டிமேல் ஓடிய பச்சைக் கோடு மறுபடி மேடும் பள்ளமுமாக ஆடியது. அவள் முகத்தில் ஒரு மாற்றமுமில்லை. அடுத்த பெட்டிக்குப் போனாள்.

பிறகு தாய்மார்கள் உட்காரும் இடத்தில் வந்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். அத்தனை பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஒரு சின்னப் பெண் சிரிப்பு தாங்காமல் அவள் தோளில் சாய்ந்தாள்.

"என்ன சொன்ன?"

"அது தமிழ்ல சொன்னா சிரிப்பு வராதுங்க."

எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். இவள் பத்துப் பேரைச் சிரிக்க வைப்பாள் என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 12, செவ்வாய்

வாணிக்கு விடுமுறை. ஜீப்பில் ஊருக்கு வெளியே போனோம். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எறும்பு மாதிரிப் போகின்றன. ஒருவனும் ஆரன் அடிக்கவில்லை. முந்தவில்லை. நெரிசலில் வண்டி நின்றால் நிற்கிறான். எதிர்ப்பக்கம் காலியாகக் கிடக்கிறது, அதில் ஏறி வர ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. டிரைவரிடம் ஏன் என்று கேட்கச் சொன்னேன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை என்றாள் வாணி.

வழியில் ஒரு மூங்கில் பந்தல். பூசணி, கீரைக்கட்டு, பழச்சாறு பாட்டில். விலையை எழுதி வைத்திருந்தது. காசு போட ஒரு டப்பா. கடைக்காரர் இல்லை.

"எங்க போயிட்டாங்க?"

"வயக்காட்டுக்கு. சாயந்தரம் வந்து டப்பாவ எடுத்துக்குவாங்க. ஒங்களுக்கு என்ன வேணுமோ எடுத்துக்கிட்டு காசப் போடுங்க."

பந்தலைச் சுற்றி வந்தேன். பின்னால் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று மூங்கில் இடுக்கு வழியாகப் பார்த்தேன். வாணி ஜீப்பில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். அடுத்தடுத்து இரண்டு வண்டி நின்றது. ஒரு கிழவர் டப்பாவிலிருந்து தானே மீதிச் சில்லறை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு பழச்சாறு வாங்க நினைத்தேன். பாட்டிலைக் கையில் எடுத்தும் விட்டேன். ஆனால் எதிரே ஆள் இல்லாமல், ஒரு வார்த்தை பேசாமல், எழுதிய விலையை அப்படியே போட்டுவிட்டு எடுத்துப் போக எனக்கு வரவில்லை.

"பேசாம எடுத்தா திருட்டு மாதிரி இருக்கு வாணி."

"நீங்க பேசுனாத்தான் திருட்டு" என்றாள்.

பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன். பதினோரு வயதில் பிறத்தியார் மாட்டுக்குக் கயிறு பிடித்து நடந்து, அடி வாங்கி, ஏமாந்து, ஏமாற்றி, கடைசியில் புளியமரத்தடியில் எனக்கென்று ஓர் இடம் பிடித்தேன். அங்கே படித்த வித்தை முழுக்க இந்த மூங்கில் பந்தலில் செல்லாது. கோபம் வரவேண்டும். ஆச்சரியம்தான் வந்தது. மனுஷன் இப்படியும் இருக்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நவம்பர் 14, வியாழன்

இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. எதிர் மலையில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் எது நட்சத்திரம், எது வீடு என்று எல்லை தெரியவில்லை. கீழேயும் வானம், மேலேயும் வானம். பால்கனியில் நானும் வாணியும் உட்கார்ந்திருந்தோம்.

வந்த காரியத்தை ஆறு நாளாக எடுக்கவில்லை. சந்தையில் கை கூசாதவனுக்கு இங்கே வாய் கூசியது. விளையாட்டாகப் பச்சைத் துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டு, அதற்குள் என் கையை விட்டேன். கல்யாணமான புதிதில் இந்த விரல் பாஷையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கத்தரிக்காய்க்கெல்லாம் பேரம் பேசுவோம்.

"சொல்லு. எத்தன வருசம் இங்க?"

அவள் விரல் எதையும் பிடிக்கவில்லை. கையை என் கைக்குள் அப்படியே வைத்திருந்தாள்.

"நீங்க சொல்லுங்க. வாங்குறவருதான் மொதல்ல கேக்கணும்."

"வந்துரேன்னுதான் கேக்க வந்தேன்."

"தெரியும். தலகாணி பாத்தப்பவே தெரியும்." கொஞ்ச நேரம் விளக்குகளைப் பார்த்தாள். "நான் இருக்கப்போறேங்க. இது எனக்குப் புடிச்சிருக்கு. நான் என்ன செய்யட்டும்னு ஒங்கள கேக்கல. நீங்க என்ன செய்வீங்கன்னு கேக்குறேன். இருபத்தொம்பதுக்குள்ள சொல்லுங்க. ஒங்க பதில் தெரியாம கையெழுத்துப் போட எனக்குக் கை வராது."

மாட்டைப் பார்த்ததும் மனசில் ஒரு விலை வந்து விழும். அது இல்லாமல் நான் கையைத் துண்டுக்குள் விட்டதே இல்லை. இன்றைக்கு ஒன்றும் விழவில்லை. கையை வெளியே எடுத்துக்கொண்டேன்.

குளிர்கிறது, உள்ளே போகலாம் என்றாள்.

நவம்பர் 16, சனி

நாளை கிளம்புகிறேன். துணியெல்லாம் அவளே மடித்து வைத்தாள். இரண்டு பேரும் நிறையப் பேசினோம், ஒன்றையும் பேசவில்லை.

நவம்பர் 18, திங்கள்

வீடு வந்து சேர்ந்தேன். சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்.

அக்காள் வாசலிலேயே நின்றாள். "எங்கடா அவ?"

"வேல இருக்கு."

"வேல இருக்குன்னுதானடா கூட்டியாரப் போன?"

கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அவள் புளிக்குழம்பு வைத்திருந்தாள். நல்ல குழம்புதான். பயணக் களைப்பு, இறங்கவில்லை.

நவம்பர் 20, புதன்

சந்தை. நாள் சரியில்லை. பச்சைத் துண்டைக் காணோம். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன், ஏரோப்ளேனில் விட்டுவிட்டேன் போலிருக்கிறது. புதுத்துண்டு வாங்கிப் போட்டேன். கஞ்சி போட்ட துணி, விரல் வழுக்குகிறது. இரண்டு பேரம் முறிந்தது. ஒன்றில் நான் வாங்க வந்தவன் விரலைப் பிடித்துக்கொண்டு வேறெதையோ நினைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். அந்த ஆள், "அண்ணே, கைய விடுறீகளா, சோசியம் பாக்குறீகளா?" என்று கேட்டான்.

துவரங்குறிச்சிக்காரர் வந்து சண்டை பிடித்தார். "நீ குடுத்த செவல ரெண்டு வாரமா சரியா திங்கல. பாதி நேரம் வையம்பட்டிப் பக்கமே பாத்துக்கிட்டு நிக்குது. சீக்கு மாட்டத் தள்ளிவிட்டுட்டியா?"

"சீக்கில்ல, ஏக்கம். பழைய எடத்து வைக்கோல் ரெண்டு கட்டு கொண்டுவந்து போடுங்க. சரியாப்போகும்."

சரியாகப் போகும். போகாமல் எங்கே போகும்?

நவம்பர் 22, வெள்ளி

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. டாக்டரிடம் போனேன். வயிற்றில் புண் இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார். "வெளியூர்த் தண்ணி குடிச்சீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அந்தத் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மொட்டைமாடிக்குப் போனேன். வெயில் இன்னும் அடங்கவில்லை. எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

பீருடன் திருச்சிக்கு ஒரு ஜோடி மாடு பார்க்கப் போனேன். வண்டியை நான் ஓட்டினேன். ஒரு லாரிக்குப் பின்னால் வெகுநேரம் போய்க்கொண்டிருந்தேன்.

"ஏன் மாப்ள, ஆரன் ரிப்பேரா?"

"அவன் போகட்டும்டா. போயிட்டுத்தான இருக்கான்."

பீர் என்னை உற்றுப் பார்த்தான். வழியில் டீக்கடையில் நிறுத்தி எனக்கு மட்டும் பால் இல்லாமல் சொன்னேன். அவனால் பொறுக்க முடியவில்லை.

"மாட்டு யாவாரி பாலில்லாம டீ குடிச்சா பசுவெல்லாம் நம்மள மதிக்குமாடா? என்னதான் நடந்துச்சு ஒனக்கு அங்க?"

மேகம் கீழே கிடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் இல்லாத கடையைச் சொன்னேன். ஒரே விரலால் தொட்டுக் குழந்தைக்கு மூச்சு வரவைத்ததைச் சொன்னேன். அதைச் சொல்லும்போது டீ ஆறிவிட்டது. பீர் குறுக்கே பேசவில்லை. அவன் பேசாமல் இருப்பது அபூர்வம்.

கடைசியில், "சரி, புள்ள என்ன சொல்லுச்சு?" என்றான்.

"இருக்கப்போறாளாம்."

"நீ?"

"எனக்கென்ன. என் எடம் புளியமரத்தடி."

"நான் அதக் கேக்கல" என்றான். பிறகு மாடு பார்த்தோம். இரண்டும் சோடி சேரவில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

இரவில் வாணி போனில் பேசுவாள். இப்போது கொஞ்சமாகத்தான் பேசுகிறாள். அந்தக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தாயிடம் கொடுத்துவிட்டார்களாம். சாப்பிட்டாச்சா என்று கேட்டாள், சாப்பிட்டேன் என்றேன். 29ஆம் தேதிப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

அவள் நன்றாக இருக்கிறாள். அந்த ஊரே அவளைத் தாங்குகிறது. எனக்கு அங்கே என்ன வேலை? நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுக்கு ஒன்றுதான். அப்படியிருக்க, தேவையில்லாத இடத்தில் போய் நிற்பவன் நான் இல்லை. விருப்பம்போல் செய்துகொள் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

நவம்பர் 27, புதன்

சந்தையில் துவரங்குறிச்சிக்காரர் மறுபடி வந்தார். இந்தத் தடவை சண்டை போடவில்லை. அவர் முகம் பேயைப் பார்த்தவர் முகம் மாதிரி இருந்தது.

"மாட்டக் காணோம்யா. திங்கக்கிழம ராத்திரி புதுக்கயித்த அறுத்துக்கிட்டுப் போயிருச்சு. வைக்கோல் கொண்டாந்து போட்டனே, அன்னிக்கு நல்லாத் தின்னுச்சே."

தின்றிருக்கும். பழைய வாசனை வந்ததும் வழி ஞாபகம் வந்திருக்கும். நான் சொன்ன வைத்தியம்தான் அதைக் கிளப்பிவிட்டிருக்கிறது. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

நவம்பர் 28, வியாழன்

விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு வையம்பட்டிப் பக்கம் பெரியக்காள் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சாலையோரம் பார்த்துக்கொண்டே போனேன். நாலுவழிச் சாலையை அது எப்படித் தாண்டியிருக்கும், லாரி அடித்திருக்குமோ என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன்.

செவலை அங்கே நின்றது. பழைய கட்டுத்தறியில், பழைய இடத்தில், அசைபோட்டுக்கொண்டு. குளம்பெல்லாம் தேய்ந்து, கால் முழுக்க முள் கீறல். சினை வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம். கூட்டிப்போனது மூடிய வேனில். அதற்கு வழி தெரிந்திருக்க நியாயமே இல்லை. என் தொழிலில் மாடு திரும்பி வந்த கதை நூறு கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்ப்பது இதுதான் முதல். கிட்டே போகக் கால் கூசியது. கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தாற்போல் இருந்தது. கழற்றிவிட்டுத்தான் போனேன்.

மாட்டைக் கட்டியிருக்கவில்லை. கழுத்தில் அறுந்த புதுக்கயிற்றின் துண்டு இல்லை, பெரியக்காள் எடுத்துப் போட்டுவிட்டாள். மேலே ஆணியில் பழைய கயிறு தொங்கியது. அன்றைக்கு இடுப்பில் செருகிக்கொண்டு போனாளே, அதே கயிறு.

"நேத்து விடியக்காத்தால வந்து நின்னுச்சு தம்பி. நான் என்ன பண்றது?" என்றாள். பிறகு அவளே சொன்னாள்: "வித்தப்புறம் தெனமும் இந்தக் கயித்த எடுத்துத் தடவிக்கிட்டேதான் இருந்தேன். ராசிக்காக எடுத்து வச்சதுன்னு சனங்க நெனக்கும். ராசி கெடக்கு. அது திரும்பி வரணும்னுதான் வச்சிருந்தேன். வெளிய சொன்னா சிரிப்பாங்க."

"கட்டலையா?"

"எதுக்குக் கட்டணும்? எங்க போகப்போகுது?"

துவரங்குறிச்சிக்காரருக்கு வேறு மாடு பிடித்துக் கொடுப்பது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் கொடுத்த கேழ்வரகுக் கூழ் இரண்டு டம்ளர் குடித்தேன். பத்து நாளில் முதல் தடவையாக வயிற்றில் தங்கியது.

நவம்பர் 29, வெள்ளி

காலையில் வாணியைக் கூப்பிட்டேன். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு வாயில் வந்ததைக் கேட்டேன்.

"என் பச்சத் துண்டப் பாத்தியா? ரெண்டு சந்தையா அது இல்லாம ஓடவே மாட்டேங்குது. ப்ளேன்ல விட்டுட்டேன் போல."

அந்தப் பக்கம் ஏதோ பறவை கத்தியது.

"ப்ளேன்ல விடல. இங்கதான் இருக்கு."

"மறந்து வச்சுட்டனா?"

"மறக்கல. நான்தான் ஒங்க பெட்டியிலேர்ந்து எடுத்தேன்."

"எதுக்கு? ஒனக்கெதுக்கு அது?"

"மாட்ட அனுப்பும்போது கயித்தக் குடுத்தா அனுப்புவாங்க?"

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அத்தனை பேர் நடுவில் முகம் மாறாமல் குழந்தைக்கு மூச்சு வரவைக்கிறவள் அவள்.

நான் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் காலிக் கட்டுத்தறிப் பக்கம் போய் நின்றேன். அவள் என்னை மாடு என்று சொல்லிவிட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுத மாட்டேன்.

"வாணி."

"ம்."

"இருக்கேன்னு எழுதிக் குடுத்துரு."

"நீங்க?"

"பீருகிட்டப் பேசுறேன். புளியமரத்தடி எங்கயும் ஓடிராது. அறுப்பு முடிஞ்சு மாடு நெறைய வர்ற மாசத்துக்கு நான் இங்க நிப்பேன். மிச்ச நாளு அங்க. அனுமதிச்சீட்டு எத்தன நாளைக்குக் குடுப்பான், எப்படி நீட்டணும்னு நீ கேட்டு வை. அந்த ஆளில்லாத கடையில ஒரு பாட்டில் பாக்கி வச்சிருக்கேன். அத வாங்கிக் குடிக்கணும்."

"பேசாம வாங்குவீங்களா?"

"பாக்கலாம்" என்றேன்.

டிசம்பர் 4, புதன்

துவரங்குறிச்சிக்காரருக்கு ஒரு கருப்புப் பசு முடித்துக் கொடுத்தேன். பெரியக்காள் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், வழக்கு தீர்ந்தது. அக்காள் மூன்று நாள் பேசவில்லை. இன்றைக்கு வடகம் பிழிந்துகொண்டே, "அங்க வெயில் அடிக்குமாடா, காயுமா?" என்று கேட்டாள்.

பீரிடம் சந்தைப் பொறுப்பைச் சொன்னேன். "போ மாப்ள. ஆனா பால் டீ குடிச்சுட்டுப் போ" என்றான். குடித்தேன்.

டிக்கெட் எடுத்தாயிற்று. இந்தத் தடவை கிணற்றுத் தண்ணீர் எடுத்துப் போகவில்லை.

பால்கனியில் பேசிய பேரம் பாதியில் நிற்கிறது. துண்டு அவளிடம் இருக்கிறது. கைதான் போய்ச் சேர வேண்டும்.